எல்லாருக்குமா, உனக்கு மட்டுமா? — ஹட்டனில் முடிவுக்காகக் காத்திருந்தவர்களின் கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2024 மே 4 ஆம் திகதி சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஹட்டனில் எத்தனை பேர் கையில் போனை வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆசிரியர் அறையில் மட்டும் ஏழு பேர். திங்கட்கிழமை சாதாரண தரப் பரீட்சை தொடங்க இருந்தது. பிள்ளைகள் ஒரு பக்கம் பாடமாக்கிக்கொண்டிருக்க, ஆசிரியர்களாகிய நாங்கள் இஷா தொழுகை முடிந்து வந்து அமெரிக்காவின் 'டிவி லொத்தர்' முடிவுக்காகக் காத்திருந்தோம். அமெரிக்காவில் அப்போது பகல் பன்னிரண்டு. இணையத்தளம் திறப்பதற்கே நேரம் எடுத்தது. பதிவு இலக்கம், பெயர், பிறந்த வருடம், பிறகு அந்தக் கோணல் எழுத்துகள். ஏழு பேருக்கும் ஒரே பதில்: தெரிவு செய்யப்படவில்லை.

எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்தரை மணியளவில் பழைய மாணவன் ஒருவன் கோல் எடுத்தான். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். உயர்தரம் சித்தியடைந்து இப்போது நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். "சேர், எனக்கு விழுந்திருக்கு. படம் அனுப்பியிருக்கேன், சரியான்னு பாருங்க" என்றான். பார்த்தோம். சரிதான், விழுந்திருக்கிறது. அடுத்த நாள் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் அவனுடைய லயத்துக்குப் போனோம். வீட்டில் எல்லோரும் பேசினார்கள், அவனுடைய பாட்டி மட்டும் பேசவில்லை. எழுபத்தாறு வயது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், இது குடும்பத்துல எல்லாருக்குமா, இவனுக்கு மட்டுமா?"

எங்கள் ஏழு பேரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தப் பாட்டிக்கு அது உடனே வந்தது. ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் கொஞ்சம் பின்னுக்குப் போகாமல் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமது மலைநாட்டில் ஒரு மனிதனுடைய வாழ்க்கையை ஒரு துண்டுக் கடதாசி தீர்மானித்தது நேற்று இன்று அல்ல. அந்தக் காலத்தில் 'துண்டு' என்றே ஒரு முறை இருந்தது. தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் கால் எடுத்து வைக்க முடியாது. 1921 இல்தான் அதை ஒழித்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய துண்டுக்காக எமது மக்கள் காத்திருந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடம் 18 ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15 முதல் அது நடைமுறை. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட முடியாதவன் பிரஜை அல்ல. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்தில் தகப்பனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை போனது. 1952 தேர்தலில் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை.

அதற்கிடையில் ஒரு கதவை இலேசாகத் திறந்து வைத்தார்கள். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பித்தால் பதிவுப் பிரஜை ஆகலாம். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1 க்கு முன் திருமணமானவர் என்றால் 7 வருடம், மற்றவர் என்றால் 10 வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பிக்கும் நாள் வரை இருந்திருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் கடதாசி வேண்டும்.

காங்கிரஸ் முதலில் அந்தச் சட்டத்தையே பகிஷ்கரித்தது. இது நீதியில்லாத சட்டம், இதன் கீழ் விண்ணப்பித்தால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அது பிழை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசித் திகதி 1951 ஆகஸ்ட் 5. பிறகு பகிஷ்கரிப்பைக் கைவிட்டு எல்லோரும் போடுங்கள் என்றார்கள். கடைசி மாதங்களில் வெள்ளம் போல விண்ணப்பம். மொத்தம் சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றுக்குள் 8 இலட்சத்துக்கும் அதிகமான உயிர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கக்காரர், தோட்டத்துப் பள்ளி வாத்தியார் என்று யார் கிடைத்தாலும் அவரைப் பிடித்துத்தான் படிவம் நிரப்பினார்கள். 2023 ஒக்டோபரில் பிள்ளைகள் எங்களிடம் டிவி படிவத்தோடு வந்தார்களே, அந்த வேலையை எங்கள் முன்னோர் ஆசிரியர்களும் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'சப்மிட்' பட்டன் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு காத்திருப்பு. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இடையில் கலியாணத்துக்கு, மரண வீட்டுக்கு என்று இந்தியாவுக்குப் போய் அதிக நாள் தங்கினாயா? மகனுடைய பெயர் செக் ரோலில் ஒரு மாதிரியும் படிவத்தில் ஒரு மாதிரியும் இருக்கிறதே, ஏன்? மனைவி எந்த வருடம் கப்பல் ஏறினாள்? நான்கு, ஐந்து, பத்து வருடம் என்று விசாரணை இழுத்தது. கடைசியில் கணக்கைப் பாருங்கள். 8 இலட்சம் பேரில் பிரஜையானவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். ஆறில் ஒருவர்தான்.

இந்த இடத்தில் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது தோட்டத்து ஆட்களின் கதை, எங்களுக்கு இதில் என்ன என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் பெயரை இன்னொரு தரம் வாசியுங்கள். 'இந்திய, பாகிஸ்தானிய'. ஹட்டன் கடைவீதியிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து, கீழக்கரை வியாபாரிகளும் இதற்குள்தான் வந்தார்கள். எங்கள் வாப்பாவின் வாப்பாவும் அவருடைய தம்பியும் அப்படி வந்தவர்கள். தற்காலிக வதிவிட அனுமதி, அதைச் சுருக்கமாக டி.ஆர்.பி. என்பார்கள், அந்தப் புத்தகத்தோடு வருடா வருடம் நீடிப்புக்கு அலைந்தவர்கள். வாப்பாவின் வாப்பா இங்கேயே பெண் எடுத்து எப்படியோ ஊன்றிக்கொண்டார். தம்பிக்கு ஒரு வருடம் நீடிப்புக் கிடைக்கவில்லை. கடையை விற்றுவிட்டுப் போனார். குடிசன மதிப்பீட்டில் இந்தியச் சோனகர் என்று பதிவானவர்களின் தொகை 1963 க்கும் 1971 க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகியது. எங்கள் வீட்டில் வாப்பும்மா மௌத்தாகும்வரை அந்தத் தம்பியின் கடைப் பெயர்ப்பலகையைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்தார். இன்னொரு விஷயம், அன்று மலையகத்தாருக்காகக் குரல் கொடுத்த காங்கிரஸ் தலைவர்களில் தொண்டமானுக்குப் பக்கத்தில் நின்ற அப்துல் அஸீஸும் ஒரு முஸ்லிம்தான். இதை எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

1964 ஒக்டோபர் 30. டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974 இல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்கு 75 ஆயிரம் என்று பிரித்தார்கள். ஆட்டுமந்தையைப் பிரிப்பது போல என்று எழுதினால் மிகைப்படுத்துகிறோம் என்பீர்கள். ஆனால் அந்த மக்களின் தலைவர்கள் எவரும் அந்த மேசையில் இருக்கவில்லை.

ஒப்பந்தம் எண்ணிக்கையைச் சொன்னது. யார் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அதற்கு மீண்டும் விண்ணப்பம். இலங்கைக்கு விண்ணப்பிப்பதா, இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதா? இலங்கை கேட்டவர்களுக்குக் கடைசித் திகதி 1970 ஏப்ரல் 30. 3 இலட்சம் இடம். கேட்டவர்கள் 6 இலட்சத்துக்கும் அதிகம். இரண்டு பேருக்கு ஒரு இடம்கூட இல்லை. இந்தியாவுக்கோ, ஒதுக்கிய தொகைக்கு ஆள் சேரவில்லை. கடதாசியில் இந்தியர் என்று எழுதப்பட்ட மக்கள், 'எங்களை இங்கே விடுங்கள்' என்றுதான் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். நாடு மாறிப் போகத் துடித்த கூட்டம் என்று இன்றும் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். இந்த இரண்டு தொகையையும் அவர்கள் ஒரு தரம் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அது மட்டுமா? 7 க்கு 4 என்று ஒரு விகிதம் வைத்தார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இங்கே நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை. அதாவது உன் பக்கத்து லயத்துக்காரன் போனால்தான் உன் துண்டு நகரும். இதைவிடக் கொடுமையான வரிசை உலகத்தில் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

பாட்டியின் குடும்பம் அந்த வரிசைக்குள் இருந்தது. அவருடைய தகப்பன் 1951 இல் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர். 1964 க்குப் பிறகு இலங்கைக்கு விண்ணப்பித்தார். மூத்த மகனுக்கு அப்போது கலியாணமாகித் தனிக் குடும்பம். 'எல்லாரும் ஒரு பக்கம் போட்டு எல்லாருக்கும் இல்லையென்றால் என்ன செய்வது' என்று யோசித்து அவர் இந்தியாவுக்குப் போட்டார். ஒருவருக்கொருவர் கோபம் இல்லை. ஒரு குடும்பம் இரண்டு லொத்தர் சீட்டு வாங்கியது போலத்தான். அண்ணனுக்கு முதலில் விழுந்தது.

கண்டியில் இருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்தும் அண்ணன் உடனே புறப்படவில்லை. சாக்குப்போக்குச் சொல்லி இரண்டு வருடம் தள்ளினார். பிறகு 1973, 74 பஞ்சம் வந்தது. அரிசியும் மாவும் இல்லை, தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1974 இல் புறப்பட்டார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் கூடலூர். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அதே கொழுந்து, அதே குளிர், அதே லயம். "கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள போகாது மாஸ்டர், அந்தப் பக்கம் போறது நுவரெலியாவுக்கு. இது கீழ எறங்குற கோச்சி. ரோசல்ல திரும்புற வரைக்கும் அண்ணன் கை ஆட்டுனது தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார் பாட்டி. ஹட்டன் ஸ்டேசனில் நின்று ரொசெல்ல வளைவு தெரியுமா என்று எங்களிடம் கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணனை அதன் பிறகு அவர் காணவில்லை. கடிதம் வந்தது. பிறகு கடிதமும் நின்றது.

எண்பதுகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். போனவர்கள் மொத்தத்தில் 3 இலட்சத்துக்கும் அதிகம். 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984 இல் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1986 இலும் 1988 இலும் சட்டங்கள் வந்து பலருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, பலர் கடதாசி இல்லாமல் விடுபட்டார்கள். 2003 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டு 35 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றின. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிரஜைகள். ஐ.நா. அகதிகள் முகவரகமும் தொழிற்சங்கங்களும் தோட்டம் தோட்டமாக முகாம் வைத்தன. பத்து நாளில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிந்தார்கள். எங்களில் சிலர் அப்போது இளம் ஆசிரியர்கள். அந்த மேசைகளில் உட்கார்ந்து படிவம் எழுதினோம். ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் முதல் தரம் ஒரு நாட்டுக்காரியானதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறோம். பாட்டியும் அந்த வாரத்தில்தான் கைநாட்டு வைத்தாராம். 1951 இல் தகப்பன் போட்ட விண்ணப்பத்துக்கு மகளிடம் பதில் வர 52 வருடம்.

இப்போது பேரனுக்கு ஆறு மாதத்தில் பதில் வந்திருக்கிறது. நவம்பரில் போட்டது, மே மாதத்தில் விழுந்தது.

டிவி லொத்தர் என்பது 1990 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பிறந்தது. அமெரிக்காவுக்கு அதிகம் ஆள் போகாத நாடுகளுக்கு வருடத்துக்கு 55 ஆயிரம் வரை விசா என்பது அதன் ஏற்பாடு. கணினி குலுக்கி எடுத்தது. கோடிக்கு மேல் விண்ணப்பம் வந்த வருடங்களும் உண்டு. (லொத்தர் என்று பெயர் இருப்பதால் போடலாமா என்று பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கு: அதை உலமாக்களிடம் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்தது, 2023 ஒக்டோபரில் விண்ணப்பிக்க ஒரு சதமும் வாங்கவில்லை. கொமியூனிகேஷன்காரர் வாங்கிய காசு அவருடைய கணக்கு.)

இதில் ஒரு விதி இருந்தது, அதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தியாவில் பிறந்தவர்கள் அந்தத் தரம் விண்ணப்பிக்க முடியவில்லை. அங்கிருந்து ஏற்கெனவே அதிகம் பேர் போய்விட்டார்கள். இலங்கையில் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. பார்ப்பது பிறந்த இடத்தை, பிரஜாவுரிமையை அல்ல. அதாவது 1974 இல் கோச்சி ஏறிய அந்த அண்ணனின் மூத்த பிள்ளை டிக்கோயாவில் பிறந்தது. கூடலூரில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்தாலும் அமெரிக்காவின் கணக்கில் அது இலங்கை. அங்கே பிறந்த இளைய பிள்ளை இந்தியா. 1948 இல் 'நீ இங்கே பிறந்தாலும் இந்த நாட்டவன் இல்லை' என்றார்கள். யாரோ தூரத்து நாட்டுக்காரன் 'நீ எங்கே பிறந்தாய், அது போதும்' என்கிறான்.

அதற்காக அமெரிக்கா நீதிமான் என்று சொல்ல வரவில்லை. விழுந்தவர்களெல்லாம் போய்விடுவதில்லை. 55 ஆயிரத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தெரிவு செய்தார்கள். 2025 செப்டெம்பர் 30 க்குள் விசா கையில் வர வேண்டியிருந்தது. வராவிட்டால் எல்லாம் முடிந்தது. இலக்கம் பெரிதாக இருந்தால் முறை வருவதற்குள் வருடம் முடியலாம். நேர்முகத்துக்கு அப்போது 330 டொலர், மருத்துவப் பரிசோதனை, டிக்கட், அங்கே சமாளிக்கும் வசதிக்கு அத்தாட்சி. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அறிவித்த 1,700 ரூபா நாட்சம்பளம் கைக்கு வருமா என்று காத்திருந்த வீட்டுக்கு 330 டொலர் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே 'விழுந்திருக்கு' என்றதும் வேலையை விடாதே, கடன் வாங்காதே, ஏஜென்டிடம் காசைக் கொடுக்காதே என்று அவனிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டான். மனம் எங்கேயோ இருந்தது.

பிறகு பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கலியாணம் முடித்திருந்தால் மனைவியும் 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கூடப் போகலாம். இவன் தனியாள். தாய், தகப்பன், தங்கச்சி, பாட்டி எவருக்கும் இந்தச் சீட்டில் இடம் இல்லை. அங்கே போய்ப் பல வருடம் கழித்து அந்த நாட்டுப் பிரஜையானால் தாய் தகப்பனுக்கு விண்ணப்பிக்கலாம்.

"இவனுக்கு மட்டும்தான் பாட்டி" என்றோம்.

அவர் தலையை ஆட்டினார். "அப்பவும் அப்படித்தான்" என்றார். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்தார். பையனுடைய பிறப்புச் சான்றிதழ் அதற்குள்தான் இருந்தது. அதில் தகப்பனின் பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை. எழுபது வருடத்துக்கு முன் விசாரணையில் பிடித்த அதே எழுத்துப்பிழை ரகம். இந்த வாரம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அதைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக் கடமை இல்லாத ஒரு நாளில் நாங்களும் கூடப் போகிறோம்.

அந்தப் பெட்டியில் இன்னும் நிறையக் கடதாசி இருந்தது. மங்கிப்போன ஒரு பற்றுச்சீட்டும் கூடலூர் முத்திரை விழுந்த இரண்டு கடிதங்களும்.

உங்கள் வீடுகளிலும் இருக்கும். 1951 விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு, ஆணையாளரின் நிராகரிப்புக் கடிதம், டி.ஆர்.பி. புத்தகம், பயன்படாத இந்தியக் கடவுச்சீட்டு, 2003 சான்றிதழ். லயத்தில் மழை ஒழுகுகிறது, கறையான் பிடிக்கிறது, பெரியவர்கள் மௌத்தானதும் பிள்ளைகள் குப்பையோடு எரித்துவிடுகிறார்கள். எரிக்க வேண்டாம். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பரீட்சை முடிந்ததும் பாடசாலையில் ஒரு சுவர் ஒதுக்கி ஒட்டப் போகிறோம். படம் எடுக்கத் தெரியாத வீடு என்றால் சொல்லுங்கள், மாணவர்களை அனுப்புகிறோம். 1974, 75 இல் டிக்கோயாப் பக்கமிருந்து கூடலூருக்குப் போன குடும்பங்களோடு இன்னும் தொடர்பு உள்ளவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். பாட்டி தன் அண்ணனின் பிள்ளைகளைத் தேடுகிறார்.